வெயிலும் குளிரும் பீன்ஸும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பீன்ஸ் செடி அடர்ந்து பூக்கிறது. ஆனால் கோடையில் அத்தனை பூவும் உதிர்ந்துவிடுகிறது. தேனீக்கள் வராததுதான் காரணமா?

பதில்: தேனீக்கள் மேல் பழி போட வேண்டாம். பீன்ஸ் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். குற்றவாளி வெப்பம். பகலில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காய்ப்பிடிப்பு குறையத் தொடங்கும். இரவும் தணியாமல் புழுங்கினால் இன்னும் மோசம். மகரந்தம் மொட்டுக்குள் உருவாவது பூ விரிவதற்குப் பல நாட்கள் முன்பு. அப்போது அடித்த வெப்பமே அதை மலடாக்கியிருக்கும். அதனால், இன்று வானம் மூடியிருந்தும் பூ உதிர்ந்தால் சென்ற வாரத்து வெயிலை நினைத்துப் பாருங்கள்.

தயவுசெய்து செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். வெப்பம் தணிந்ததும் புதிதாக வரும் பூக்கள் காய்க்கும். அதுவரை வேரடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பிய மூடாக்கு, காயாத ஈரம், பிற்பகலில் நிழல்வலை போதும். பூ நிற்கட்டும் என்று தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும்.

கேள்வி: குளிர் நாட்களில் விதை முளைக்காமல் அழுகுகிறது. ஊறவைத்து விதைக்கலாமா?

பதில்: கூடாது. குளிர்ந்த ஈரத்தை வேகமாக உறிஞ்சும் விதையில் செல் சவ்வுகள் கிழிந்து, சத்து கசிந்து, பூஞ்சைக்கு விருந்தாகும். மண் 16 டிகிரியாவது வரும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் நன்றாக இருந்த காய், வெளியே எடுத்து வைத்ததும் துரு நிறப் புள்ளியாகிறதே?

பதில்: அது குளிர்க் காயம். பறித்த பின்னும் காய் உயிரோடுதான் இருக்கிறது. 5 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் இருந்தால் திசு கெடும். வெளியே வந்த பிறகுதான் புள்ளி தெரியும் என்பதால் பலரும் வெளிக்காற்றைக் குறை சொல்கிறார்கள். ஏற்றது 5 முதல் 7 டிகிரி, நல்ல ஈரப்பதம். வீட்டு ஃபிரிட்ஜில் குளிர் குறைந்த தட்டில், கழுவாமல், துளையிட்ட பையில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் சமைத்துவிடுவது நல்லது. பழுத்த வாழைப்பழமும் ஆப்பிளும் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவால் காயின் பச்சை வெளுக்கும்.

கேள்வி: அப்படியானால் ஃப்ரீசரில் வைக்கவே கூடாதா?

பதில்: தாராளமாக வைக்கலாம், ஆனால் பச்சையாக அல்ல. கொதிநீரில் 3 நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் நீரில் ஆற்றி, ஈரம் துடைத்து மைனஸ் 18 டிகிரியில் உறைய விடுங்கள். காயை உள்ளிருந்து கெடுக்கும் நொதிகளைக் கொதிநீர் அடக்கிவிடுவதால் நிறமும் சுவையும் மாதக்கணக்கில் தாங்கும்.