வாசகர் கேள்வி: கைவிட்ட கல்குவாரியை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர்ப் புறம்போக்கில் குத்தகை முடிந்த கருங்கல் குவாரி கிடக்கிறது. சுமார் 15 மீட்டர் ஆழம், அடியில் தண்ணீர். மண் கொட்டி மூடி மரக்கன்று நடலாமா? செலவை யாரிடம் கேட்பது?
– வாசகர், சூளகிரி

பதில்: மூட வேண்டாம். அத்தனை மண்ணையும் வேறோர் இடத்தில் வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். செங்குத்துப் பாறைதான் அங்கே பெரிய சொத்து. அதன் திட்டுகளில் கொம்பன் ஆந்தை வெறும் கல்லிலேயே முட்டையிடும். மலைத்தேனீ அடை கட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் பொக்லைன் போகக் கூடாது.

வேலை லாரி இறங்கிய பக்கத்தில் மட்டும். கழிவுக்கல்லைத் தள்ளி, 1 மீட்டர் இறக்கத்துக்கு 3 மீட்டர் நீளம் என்ற சரிவில் தண்ணீர் வரை கொண்டுபோங்கள். கோடையில் நீர் வற்றியிருக்கும்போதே செய்யுங்கள்; நிறைந்திருக்கும்போது செய்தால் மே மாதம் சரிவு அந்தரத்தில் நிற்கும், தவறி விழுந்த ஆடும் மானும் ஏற முடியாது. மற்ற மூன்று பக்கமும் கழிவுக்கல்லால் இடுப்பளவு கல்கட்டு, வெளியே சதுரக்கள்ளி.

கல் பவுடர் மேல் நட்டால் கன்று கருகும்: ஈரம் தங்காது, இறுகிவிடும். ஓரத்தில் ஒதுக்கிய மேல்மண்ணை 30 செ.மீ. பரப்பி முதலில் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். பிறகு உசில், வெப்பாலை, ஆச்சா. ஆச்சாவுக்குப் பைக்கன்று வேண்டாம். ஆணிவேர் பையில் சுருண்டுவிடும். சித்திரை, வைகாசியில் உதிரும் காயைப் பொறுக்கி, மழை தொடங்கியதும் நேரே ஊன்றுங்கள். சீமைக்கருவேலம் முளைத்தால் முதல் வருடமே வேரோடு பிடுங்குங்கள்.

குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தையும் சுரங்கத் திட்டத்தையும் பரிவேஷ் என்ற மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக இணையதளத்தில் தேடுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமை மனு போடுங்கள். மூடல் பணி குத்தகைதாரர் பொறுப்பு. சுரங்கம் முடிந்த நிலத்தில் புல் வளர்த்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. குத்தகைதாரரைப் பிடிக்க முடியாவிட்டால், கிராம சபைத் தீர்மானத்துடன் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியை (சுரங்கத்தால் பாதித்த ஊர்களுக்காகக் குத்தகைதாரர்கள் கட்டும் பணம்) கேளுங்கள்.

கேள்வி: குவாரித் தண்ணீரில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: கூடவே கூடாது. வளர்க்கவே தடை உள்ள மீன் அது. தலைப்பிரட்டை ஒன்றையும் மிச்சம் வைக்காது.

கேள்வி: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் குவாரி கூடாது என்கிறார்களே?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: 2021 இறுதியில் அப்படித்தான் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை எடுத்துவிட்டது. சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் 1 கி.மீ. தடை இருக்கிறது, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022-இல் வந்த காவிரி தெற்கு சரணாலயங்களின் ஓரம் அதனால் தப்பியது. யானை நடமாடும் மற்ற காப்புக்காடுகளின் ஓரத்துக்கு அந்தக் காவல் இல்லை. இது தவறான தளர்வு, திரும்பப் பெற வேண்டும். அதுவரை, உங்கள் ஊர் சர்வே எண் சரணாலய எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். ஆட்சேபணை மனுவில் அந்த மீட்டர் கணக்கைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும்.