ஷராக்குவின் நடிகர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர்களை வேடத்தோடு காட்டும் ஜப்பானிய மர அச்சுப் படங்களை இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓவியர் தொயோகுனியின் படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஷராக்குவின் படங்களைத்தான் ஏற்க முடியவில்லை. கோணல் கண், நீண்ட மூக்கு, இறுகிய வாய். பேர்பெற்ற நடிகர்களை இப்படிக் கேலி செய்யலாமா? வரையத் தொடங்கிப் பத்து மாதத்தில் அவர் காணாமல் போனதற்கும் இதுதானே காரணம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். ஓரளவு நீங்கள் சொல்வதே காரணமாக இருக்கலாம். அக்கால எழுத்தாளர் ஓத்தா நன்போ, உண்மையை அளவுக்கு மீறி வரையப்போனதால் ஷராக்கு நிலைக்கவில்லை என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். கேலி செய்தார் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1794இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தின் கவராசாகி அரங்கில் நடந்த நாடகத்தில் மூன்றாம் ஒத்தானி ஒனிஜி, எடோபெய் என்ற அடியாளாக நடித்தார். இப்பெய் என்ற பணியாள் கொண்டுவரும் பணத்தைப் பறிக்க வருபவன் எடோபெய். ஷராக்குவின் படத்தில் மேலங்கியின் மார்புத் திறப்பிலிருந்து இரண்டு கைகளும் விரல் விரித்து வெளியே வருகின்றன. உடலுக்குப் பொருந்தாத சின்னக் கைகள். தாடை முன்னால் நீண்டு, உதடு இறுகி, கருவிழிகள் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. நீங்கள் சொன்ன கோணல் கண் இதுதான். ஆனால் அது ஓவியர் சேர்த்ததல்ல. கபுகியில் காட்சி உச்சத்துக்கு வரும்போது நடிகர் சட்டென்று உறைந்து நின்று விழிகளைக் கோணலாக்கி முறைப்பார். அதற்கு ‘மியே’ என்று பெயர். அரங்கில் ரசிகர்கள் கூவிப் பாராட்டும் தருணம் அது. இதன் ஜோடிப் படத்தில் இப்பெயாக வரும் இச்சிகாவா ஒமேசோ வாளைப் பற்றி நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெண் வேடங்களில்தான் ஷராக்குவின் துணிச்சல் முழுதாகத் தெரிகிறது. 1629இல் பெண்கள் மேடையேறுவது தடைசெய்யப்பட்டது. அதன்பின் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றார்கள். மற்ற ஓவியர்கள் அந்த நடிகர்களை அழகிகளாகவே வரைந்தார்கள். செகாவா தொமிசாபுரோவை ஷராக்கு ஒரு வீரனின் மனைவி வேடத்தில் வரையும்போது கொண்டையும் அலங்காரமும் குறையில்லாமல் இருக்கின்றன, முகத்தில் மட்டும் ஆணின் எலும்பு தெரிகிறது. வேடமும் மனிதனும் ஒரே முகத்தில். எனக்கு இதில் ஏளனமே தெரியவில்லை. அந்தக் கலை எவ்வளவு கடினமானது என்பது இந்தப் படத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஷராக்குவின் பதிப்பாளர் சுத்தாயா ஜூசாபுரோவையும் மறக்கக் கூடாது. 1791இல் தணிக்கைக் குற்றத்துக்காக அரசு அவர் சொத்தில் பாதியைப் பறித்தது. மூன்றே ஆண்டில், முன்பின் பெயரே கேள்விப்படாத ஒருவரை நம்பி, மார்பளவு உருவப்படங்கள் 28ஐ ஒரே வீச்சில் வெளியிட்டார். எல்லாவற்றுக்கும் மைக்காத் தூள் மினுங்கும் கரும்பின்னணி. எடோவின் பெரிய அரங்குகளே கடனில் மூழ்கி, மாற்று அரங்குகள் நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஷராக்கு என்பவர் ஆவா பகுதியின் பிரபுவிடம் பணிசெய்த, ‘நோ’ என்ற மரபு நாடக வகையின் நடிகர் சாய்தோ ஜூரோபெய் என்பதே இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் கருத்து.

அந்த 28இல் நகாஜிமா வதாயமோன், நகாமுரா கொனோசோ இருவரும் சேர்ந்திருக்கும் படத்தைத் தேடிப் பாருங்கள். ஒருவர் ஒல்லி, மற்றவர் பருமன். இருவருமே சின்ன வேடக்காரர்கள், படம் வாங்க ரசிகர்கள் முண்டியடிக்கும் ஆட்கள் அல்ல. அவர்களுக்கும் நட்சத்திரங்களுக்குப் போட்ட அதே மைக்காப் பின்னணிதான். கேலிக்காக வரைகிறவர் இவர்களை ஏன் தேடிப் போக வேண்டும்?