“எனக்கு வேண்டாம்மா” என்று குழந்தை சொன்ன பிறகு

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நன்றாக நடிப்பாள். போன வருடம் ஒரு விளம்பரத்தில் நடித்தாள். அதைப் பார்த்து ஒரு டிவி சீரியலில் வாய்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் என் கணவர் கையெழுத்துப் போட்டார். காலை ஏழு மணிக்கு மேக்கப் போட்டு உட்கார வைக்கிறார்கள். வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடுகிறது. மாதத்தில் பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. பெயரை நீக்கிவிடுவோம் என்கிறது பள்ளி. சம்பளம் முழுவதும் கணவரின் வங்கிக் கணக்குக்குப் போய், வீட்டுக் கடன் அடைகிறது. ஆசையாகப் போனவள் இப்போது “எனக்கு வேண்டாம்மா” என்று அழுகிறாள். நிறுத்தலாம் என்றால், “பாதியில் நின்றால் நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போடுவோம்” என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். “நான்தான் கார்டியன், நீ தலையிடாதே” என்கிறார் கணவர். அவள் திறமை வீணாகிவிடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. என்ன செய்வது?

— ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த கேஸ் பயத்தை விடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 11-இன்படி, 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில், ஆங்கிலேயர் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்றுவரை அதுதான் சட்டம். அப்பா கையெழுத்துப் போட்டால் மாறிவிடுமா? உங்கள் நிலைமையைப் போலவே ஒரு வழக்கு 1940-களின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது: ராஜ் ராணி எதிர் பிரேம் ஆதிப். மைனர் மகள் படத்தில் நடிப்பதற்காக அப்பா போட்ட ஒப்பந்தம் அது. அதை வைத்து யாரும் வழக்காட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மகள் மீது நஷ்ட ஈட்டு வழக்கு நிற்காது. ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் கணவர் தன் சொந்தப் பொறுப்பில் முன்பணம் வாங்கியிருக்கிறாரா, தனியாக உறுதிமொழி ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அப்படி இருந்தால் அதைப் பற்றி அவரிடம்தான் பேச வருவார்கள். அது பணக் கணக்கு. குழந்தையை மறுபடி செட்டுக்கு வரவழைக்கும் அதிகாரம் அதில் கிடையாது.

அந்த ராஜ் ராணி வழக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வழக்குப் போட்டது அந்தப் பெண்ணின் தரப்புதான்; தோற்றதும் அவர்கள்தான். ஒப்பந்தம் செல்லாது என்றால், உழைத்த பிள்ளை அதை நம்பிக் கூலி கேட்கவும் முடியாது என்றாகிறது. அதனால்தான் குழந்தையின் வருமானத்தை ஒப்பந்தத்தின் கையில் விடாமல் விதிகளே பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

அந்த விதிகளுக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று முழுத் தடை வந்தது. சினிமா, சீரியல், விளம்பரம், சர்க்கஸ் தவிர்த்த விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்கும் குழந்தைக் கலைஞர்களுக்கு நிபந்தனையோடு விலக்கு. நிபந்தனை மீறப்பட்டால் விலக்கும் போய்விடும். அதன்பின் சட்டத்தின் பார்வையில் அந்த செட்டும் குழந்தையை வேலைக்கு வைத்த ஒரு பட்டறைதான்.

நிபந்தனைகளை 2017-இல் வந்த திருத்த விதிகள் சொல்கின்றன. உங்கள் கடிதத்தோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய ஒவ்வொன்றும் மீறப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது; ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. “ஷாட் என்னவோ ரெண்டு மணி நேரம்தான், மற்ற நேரம் சும்மாதானே உட்கார்ந்திருந்தாள்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மேக்கப்போடு, காஸ்ட்யூமோடு, எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்திருக்கும் குழந்தையால் படிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. இதே சட்டத்தின் பிரிவு 7, 14 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு வேலை நேரத்தை வரையறுக்கும்போது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. பெரிய பிள்ளைக்கு அப்படியென்றால் 11 வயதுக் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பு இருக்க முடியாது என்று நான் எந்த நீதிமன்றத்திலும் வாதிடுவேன்.

பள்ளிப் படிப்பு தடைபடாமல் இருக்கத் தயாரிப்பாளர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், அவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர் எல்லாம் அதோடு போக வேண்டும். கொடுக்கும் உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளராக இருக்க வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில் அந்தப் பொறுப்பாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வருகிறதா என்று.

இத்தனைக்கும் மேலாக, உங்களுக்கு மிகவும் பயன்படும் வரி ஒன்று அதே விதிகளில் இருக்கிறது: குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக எந்த நிகழ்ச்சியிலும் பங்கேற்க வைக்கக் கூடாது. அப்பாவின் சம்மதம் தனி, குழந்தையின் சம்மதம் தனி, இரண்டும் வேண்டும். “வேண்டாம்மா” என்று அவள் சொன்ன அன்றே அந்தச் சம்மதம் போய்விட்டது. போன வருடம் ஆசைப்பட்டாளே என்பது பதிலாகாது.

பணம். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரிலேயே வைப்புத் தொகையாக நிறுவனம் நேரடியாகப் போட வேண்டும். 18 வயதில் அது அவள் கைக்கு வரும். “உங்க வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்பிட்டோம்” என்பது சாக்காகாது. இதுவரை கொடுத்த மொத்தச் சம்பளத்துக்கும் கணக்குக் கேளுங்கள். சாப்ளினோடு நடித்துச் சிறுவயதிலேயே உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், பெரியவனாகிப் பார்த்தபோது சம்பாத்தியத்தில் பெரும்பகுதியைத் தாயும் வளர்ப்புத் தந்தையும் செலவழித்திருந்தார்கள். அவர் வழக்குத் தொடர்ந்த பிறகுதான் 1939-இல் கலிஃபோர்னியாவில் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. சொந்த வீட்டில் நடந்தாலும் இது பறிப்புத்தான் என்று அன்றே உணர்ந்தார்கள்.

நம் இளைஞர் நீதிச் சட்டம், 2015 இன்னும் கடுமையானது. குழந்தையை வேலைக்கு வைத்து, அதன் சம்பாத்தியத்தைப் பிடித்து வைத்தாலோ தன் தேவைக்கு எடுத்துக்கொண்டாலோ ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது பிரிவு 79. எடுத்த எடுப்பில் இதை வைத்துக் கணவர் மீது புகார் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடன் நெருக்கடியில் தவறு செய்யும் அப்பாவைத் திருத்த முடியும்; சிறைக்கு அனுப்பினால் அந்தப் பாரமும் உங்கள் மகள் மனதில்தான் ஏறும். ஆனால் இந்தப் பிரிவு இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்.

“நான்தான் கார்டியன்” என்கிறாரே, அதற்கும் பதில் உண்டு. இந்துக் குடும்பங்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதலிலும் தாயை அவருக்குப் பின்னும் வைக்கிறது. ஆனால் குழந்தையின் நலனில் தந்தை அக்கறையற்று இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது. எந்த மதத்துக் குடும்பமானாலும், காப்பாளர் வழக்குகளில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான்.

பள்ளி பெயரை நீக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009 பிரிவு 16-இன்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, நடந்ததை எழுதிக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். நாளைக்கு அதுவே உங்களுக்குச் சாட்சி.

திறமை வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. குழந்தையின் திறமை முழுமையாக வளர வேண்டும் என்று அதன் 29-ஆவது பிரிவு சொல்கிறது. ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 31-ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டும் சேர்ந்தேதான் நிற்கின்றன. தூக்கம் கெட்டு, நட்பு விட்டுப்போய், ஒரே அழுகைக் காட்சியை எட்டு டேக் நடிப்பதில் நடிப்பு வளரும் என்று நான் நம்பவில்லை. பள்ளி நாடகமோ வார இறுதி நாடகப் பயிற்சியோ அவளுக்குப் பிடித்தால் அனுப்புங்கள். ஒரு வருடம் எதுவுமே வேண்டாம் என்றாலும் சரிதான். பின்னாளில் அவளாகக் கேட்டால், மேலே சொன்ன நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு மறுபடி அனுப்பலாம்.

இனி செய்ய வேண்டியது. ஒப்பந்த நகல், வாட்ஸ்அப்பில் வந்த கால்ஷீட் மெசேஜ்கள், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்து வையுங்கள்; மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த ஷெட்யூல் தொடங்குமுன், மகளுக்கு விருப்பமில்லை, இனி அனுப்ப மாட்டேன், வைப்புத் தொகை ரசீது தேவை என்று நிறுவனத்துக்கு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அதன் நகலோடு, இந்தத் தொடருக்கு அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று கேட்டு ஆட்சியருக்கு ஒரு மனு. பெரும்பாலும் இந்த இரண்டு காகிதத்திலேயே மேனேஜரின் குரல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடமும் போகலாம். குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். வலுக்கட்டாயமாக அவளை ஷூட்டிங்குக்கு அழைத்துப்போக முயன்றால் மனு, கடிதம் என்று காத்திருக்காமல் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்த எண்ணை அவளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.