தெரியாதவரைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொல்வதால் என்ன ஆகிவிடும்?

முன்பின் தெரியாதவருக்கு ஒரு புன்னகை, ஒரு வணக்கம்: "உங்களைக் கண்டேன், பயப்பட ஒன்றுமில்லை" என்ற சைகை, அவ்வளவுதான். புதுமுகம் கண்டதும் மனம் கொஞ்சம் உஷாராகும்; புன்னகை அதைத் தளர்த்தும். ஒடுங்கிய வீதியில் எதிரே வரும் ஆட்டோக்காரர் "வாங்கோ" என்று கைகாட்டி வழிவிடுவாரே, அதே மாதிரி. தமிழும் சிங்களமும் புழங்கும் திருகோணமலையில் மொழி தெரியாவிட்டாலும் இது செல்லும். கோட்டை வழியாகக் கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது மான்கள்கூட நம்மை நிமிர்ந்து பார்க்கின்றன. நாம்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்! கூச்சமா? சரி, லேசாகத் தலையசைத்தாலே போதும். உள்ளபடியான சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று 1862இலேயே பிரெஞ்சு மருத்துவர் டுஷென் எழுதினார். ஆகவே பல்லைக் காட்டவேண்டியதில்லை. அப்புறம், பதிலுக்குச் சிரிக்காதவர் நம்மை அவமதித்தார் என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அவர் ஏதோ யோசனையில் போயிருப்பார்.