வள்ளக் கயிறு ஏன் இரவில் கழலுகிறது?

கேள்வி: வள்ளத்தின் கயிற்று நுனியில் வளையம் போட்டுக் கரைக் கட்டையில் மாட்டிவிடுவோம். அப்பா காலத்தில் தும்புக் கயிறு, இதே முடிச்சு, கழன்றதே இல்லை. இப்போது நைலோன். விடியப் போய்ப் பார்த்தால் தளர்ந்து கிடக்கிறது. படம் கீறி அனுப்பியிருக்கிறேன். கயிறு பழுதா, கட்டுவது பிழையா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: இரண்டும் இல்லை. படத்தில் இருப்பது போலைன் (bowline) என்கிற வளைய முடிச்சு. கயிற்றில் ஒரு சின்னச் சுற்று, அதற்குள்ளால் நுனியை எடுத்து, பாரம் இழுக்கிற பக்கத்துக்குப் பின்னால் வளைத்து, மறுபடி அதே சுற்றுக்குள் விடுகிறீர்கள். நுனியை நெரித்துப் பிடிப்பது அந்தச் சுற்றுத்தான், அதுவும் பாரம் இழுக்கிற வரைக்கும்தான். வள்ளம் அலையோடு கரைப்பக்கம் வந்து கயிறு தொய்ந்தால் சுற்று இளகும், நுனி ஒரு நூல் பின்னுக்கு வழுக்கும், அடுத்த இழுவையில் இறுகும், திரும்பத் தொய்யும், விடியும்வரை இதே கதை. தும்பு சொரசொரப்பு, நாரோடு நார் கொழுவிக்கொள்ளும், அதனால் முடிச்சின் குறை அப்பாவுக்குத் தெரியவில்லை. நைலோன் வழுவழுப்பு, புதுக் கயிறென்றால் விறைப்பும் சேரும்.

சரி, என்ன செய்யலாம்? சின்னச் சுற்றை ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போடுங்கள், மிச்சமெல்லாம் பழைய மாதிரியே. இரண்டு சுற்றும் சேர்ந்து நுனியை நெரிக்கும், தொய்ந்தாலும் லேசில் விடாது. நுனியைக் கட்டையாக வெட்டாதீர்கள்: கயிற்றுத் தடிப்பைப்போல 10, 12 மடங்காவது தொங்க வேண்டும், 12 மில்லிமீற்றர் கயிற்றுக்கு 15 சென்ரிமீற்றர் வைத்தால் போதும். அப்புறம், ஒரே வளையத்தில் இரண்டு வள்ளங்களைக் கொழுவி அவை எதிரெதிர்ப் பக்கம் இழுத்தால் போலைன் குலைந்து வழுக்கப் பார்க்கும், அதைத் தவிருங்கள்.

மலையேறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் எட்டு வடிவ முடிச்சில் கயிறு இரட்டையாக எட்டு முழுக்க ஓடுகிறது, உரசும் இடம் அதிகம், தொய்ந்தாலும் நிற்கும். ஆனால் நனைந்து நல்லாய் இழுபட்டபிறகு அவிழ்க்கப் பல்லும் நகமும் போதாது. அவசரத்துக்கு அவிழ்க்க வேண்டிய வள்ளத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.ரி. (MIT) பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல், இழுவிசைக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சுகளை. கயிறு எத்தனை இடத்தில் குறுக்கே போகிறது, முறுக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது, பக்கத்துப் பக்கத்து இழைகள் எதிரெதிராக வழுக்குகின்றனவா என்பதைப் பொறுத்தே உறுதி என்று கண்டார்கள். எவ்வளவு இறுக்கி இழுத்தீர்கள் என்பதைவிட எப்படிப் பின்னினீர்கள் என்பதுதான் காரியம்.

கேள்வி: மாட்டின் கழுத்தில் சுருக்குப் போட்டால் இறுகிவிடுகிறது. வேறு முடிச்சு உண்டா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: சுருக்கில் இழுக்கும் கயிறு முடிச்சுக்குள்ளால் ஓடுகிறது, மாடு வெருண்டு இழுக்க இழுக்க வளையம் சிறுக்கத்தான் செய்யும். மேலே சொன்ன இரட்டைச் சுற்றுப் போலைனையே போடுங்கள், அதில் வளையத்தின் இரண்டு காலும் முடிச்சில் பிடிபட்டிருப்பதால் அளவு மாறாது. கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் நாலு விரல் போகிற இடம் விட்டுக் கட்டுங்கள்.