வாசகர் கேள்வி பதில்: விதைக்குள் கட்டுச்சோறு

கேள்வி: முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு போல ‘பூ’ இருக்கிறதே, அது என்ன? தண்ணீர் எங்கே போனது?

பதில்: பெயர்தான் பூ. உண்மையில் அது தென்னங்கருவின் ஒற்றை வித்திலை, அதாவது விதைக்குள்ளேயே கருவோடு இருக்கும் முதல் இலை. தேங்காயின் மூன்று கண்களில் மெத்தென்ற கண்ணுக்கு நேர் கீழே, பருப்பில் புதைந்தபடி சின்னஞ்சிறு கரு இருக்கிறது. அதற்கான சாப்பாடுதான் வெள்ளைப் பருப்பும் தண்ணீரும். இரண்டும் ‘கருவூண்’ என்ற ஒரே பொருள். இளநீர் இன்னும் செல்சுவர் எழும்பாத கருவூண். காய் முற்ற முற்ற அது ஓட்டின் உட்புறத்தை ஒட்டிச் செல்களாகப் படிந்து வழுக்கையாகிறது, பிறகு பருப்பாகிறது.

முளை வெளியே நீளும்போதே வித்திலையின் மறுமுனை உள்ளே உப்பத் தொடங்கும். தண்ணீரை உறிஞ்சிக் குழியை நிரப்பும். பருப்பைத் தொட்டதும் அதிலுள்ள கொழுப்பை நொதிகளால் சிதைத்து உறிஞ்சும். அந்தக் கொழுப்பு சர்க்கரையாக மாறிக் குருத்துக்குப் போகிறது. பூ இனிப்பதும், பருப்பு மெலிவதும் இதனால்தான். வேர் விட்ட பிறகும் பல மாதங்களுக்குக் கன்றுக்குக் காயிலிருந்து தீனி போகும். ஆகவே நாற்றங்காலில் கன்றின் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். மண்வெட்டியால் காயோடு தூக்குங்கள்.

கேள்வி: முழுப் பாசிப்பயறு முளைக்கிறது, உடைத்த பருப்பு ஏன் முளைப்பதில்லை?

பதில்: சோறு இருக்கிறது, சாப்பிட ஆள் இல்லை! 8 மணி நேரம் ஊறிய முழுப் பயறைத் தோல் நீக்கிப் பிளந்து பாருங்கள். ஒரு பாதியின் விளிம்பில் கொக்கி போல வளைந்து ஒட்டியிருப்பதுதான் கரு. பயறை உடைக்கும்போது அது சிதைந்து உதிர்ந்துவிடுகிறது. கரு ஒட்டிய பாதியை ஈரத்துணியில் வைத்தால் முளைக்கும். ஆனால் பாதிச் சாப்பாட்டில் வளர்வதால் நாற்று நோஞ்சானாக இருக்கும். தென்னைக்கும் பயறுக்கும் ஒரு வித்தியாசம்: பயறின் கரு, விதை முற்றுவதற்குள்ளேயே கருவூணைத் தின்றுதீர்த்துத் தன் இரு வித்திலைகளில் சேமித்துக்கொள்கிறது. அந்த வித்திலைகளைத்தான் நாம் பருப்பு என்கிறோம்.

கேள்வி: தண்டுக்கீரை விதைத்தால் பாதிகூட வருவதில்லை. விதை கெட்டதா?

பதில்: முதலில் ஆழத்தைச் சந்தேகியுங்கள். விதையின் குறுக்களவு ஏறக்குறைய 1 மி.மீ. தான். 2 செ.மீ. ஆழத்தில் விழுந்தால் வெளிச்சத்தை எட்டுவதற்குள் கையிருப்பு தீர்ந்து முளை மண்ணுக்குள்ளேயே மடியும். உலர்ந்த மணலில் கலந்து தூவி, அரை செ.மீ.க்கு மேல் மண் மூடாமல், பூவாளியால் தெளியுங்கள். குடத்தைக் கவிழ்த்தால் விதை அடியில் போய்விடும். அவரைக்கு 2–3 செ.மீ. ஆழம் தாங்கும், அதன் கட்டுச்சோறு பெரியது.