சாட்டினை மடித்து வை, லுங்கியை எடு

(பழைய வண்ணாரப்பேட்டையில் 26 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, வாசகர்களின் துணிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, நந்தம்பாக்கத்தில் நடந்த காமிக்ஸ் ரசிகர் விழாவான காமிக் கானுக்கு, 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் தஞ்சிரோ மாதிரி பச்சை-கறுப்புக் கட்டம் போட்ட ஹாவோரி (முன்பக்கம் திறந்த ஜப்பானிய மேலங்கி) தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஒரே நாள் போட்டது, அப்புறம் பீரோவில் தூங்குகிறது. இப்போது கிண்டியில் வேலை. அதை ஆபீசுக்குப் போடுகிற மாதிரி மாற்ற முடியுமா? அம்மா, "இது என்ன மாறுவேடப் போட்டியா?" என்கிறார்.
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஆபீசுக்கு ஒன்று தைத்துக்கொள்ளலாம் தங்கச்சி, ஆனால் பீரோவில் இருப்பதில் கத்தரி வைக்காதே. இந்த அங்கிகளை முக்கால்வாசிப் பேர் பாலியெஸ்டர் சாட்டினில்தான் தைக்கிறார்கள். போட்டோவில் மினுக்கும். ஆனால் வியர்வையைக் குடிக்காது. தண்டையார்பேட்டை மெட்ரோவுக்கு நடப்பதற்குள் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை வரிசையாகத் தெரியும், இஸ்திரி போட்டாலும் போகாது. அது அடுத்த காமிக் கானுக்கு அப்படியே இருக்கட்டும்.

அந்த உடுப்பிலிருந்து நமக்கு வேண்டியது கட்டமும் முன்பக்கம் திறந்த வெட்டும்தான். அந்தச் சதுரக் கட்டத்துக்கு ஜப்பானில் இச்சிமாட்சு என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் சனோகாவா இச்சிமாட்சு என்ற கபுகி நாடக நடிகர் அதை உடுத்தி மேடையேறினார், பார்த்தவர்களெல்லாம் தாங்களும் போட்டுக்கொண்டார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. அம்மாவிடம் இதைச் சொல்.

கட்டத்துக்கு நாம் ஜப்பான் வரை போக வேண்டாம். உங்களுக்கு வடக்கே இருக்கிற காலடிப்பேட்டை, மெட்ராஸ் கவர்னர் காலெட் 300 வருடத்துக்கு முன்னால் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டை. எங்கள் பேட்டைக்குத் துணி வெளுத்தவர்களால் பெயர். மெட்ராஸ் கட்டம் கப்பலேறிய ஊர் இது. அதனால் எம்.சி. ரோட்டில் கரும்பச்சையும் கறுப்பும் கலந்த காட்டன் லுங்கி ஒன்று வாங்கு. நெய்த கட்டத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், இச்சிமாட்சு மாதிரி சதுரம் தனித்தனியாக நிற்காது. பரவாயில்லை. கட்டம் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, அதுதான் முக்கியம். அந்தக் கதை பார்த்தவன் கண்டுபிடித்துச் சிரிப்பான். மேனேஜர் கண்ணுக்கு வெறும் செக் துணி.

லுங்கி 2 மீட்டர் இருக்கும். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நீளம், முக்கால் கை, பட்டன் இல்லாத முன்பக்கம், இவ்வளவுக்குப் போதும். உன் ஹாவோரியின் கையைத் தரையில் விரித்து அளந்து பார், கைவாய் 15, 16 அங்குலம் வரும். அதை 7க்குக் கொண்டு வா. என் மகள் அந்தத் தொங்குகிற கையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவின் மீன் கூடைக்குள் கையை விட்டு, அன்றைக்குக் காசிமேட்டு வாசனையோடு காலேஜ் போனாள். கழுத்திலிருந்து கீழ்வரை ஓடும் பட்டைதான் ஹாவோரிக்கு முகம். அதை மட்டும் விட்டுவிடாதே. கறுப்புப் பாப்ளினில் இரண்டு அங்குல அகலத்தில் வை.

வெட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை துவைத்துக் காயப்போடு. சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சாயத்தையும் பார்த்துவிடலாம். போன வருடம் ஒரு கடையில் "சாயமே போகாதும்மா" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்த பச்சைத் துணிக்கு வெள்ளை லைனிங் வைத்துத் தைத்தேன். முதல் துவையலில் லைனிங் கீரைக் கடைசல் நிறத்துக்கு வந்துவிட்டது. கஸ்டமருக்குத் துணிக்காசும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்காமல் எந்தத் துணியிலும் கத்தரி வைப்பதில்லை. கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். நான் மூட்டை உப்பு கரைத்தாயிற்று, நின்ற சாயம் ஒன்றையும் காணோம்.

இன்னொன்று. பக்கத் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும் என்று டெய்லரிடம் முதலிலேயே சொல்லிவிடு. வெட்டிய பிறகு சொன்னால் அவர் உன்னைப் பார்ப்பார், நீ துணியைப் பார்ப்பாய்.

கேள்வி: 'நருட்டோ' என்ற ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் கறுப்பு அங்கி, சிவப்பு மேகம். அதை ஆபீஸ் சட்டையில் கொண்டுவர ஆசை. எப்படி?
— வாசகர், பெரம்பூர்

பதில்: ஒரே ஒரு மேகம், தம்பி. கஃப்பின் உள்பக்கத்தில் வை, கையை மடித்தால் மட்டும் தெரியட்டும். துணியை வெட்டி ஒட்டுத்தையலாகப் போடாமல் எம்ப்ராய்டரியாகப் போடு, துவைக்கத் துவைக்க ஓரம் பிசிறாது. சுற்றி வெள்ளைக் கோடு கட்டாயம். அது இல்லாவிட்டால் மேகம் தக்காளி மாதிரி தெரியும்.

கேள்வி: காலேஜ் படிக்கும் என் மகள் காஸ்ப்ளே (கதாபாத்திரம் மாதிரி வேஷம் போடுவது) என்று நீல நிற விக் வாங்கி வைத்திருக்கிறாள். அதை வெளியேயும் போட்டுக்கொண்டு போகிறேன் என்கிறாள். எங்கள் தெருவில் என்ன பேசுவார்களோ என்று இருக்கிறது.
— ஒரு தாய், ராயபுரம்

பதில்: தெரு பேசுவதை விடுங்கள். காஸ்ட்யூம், ப்ளே என்ற இரண்டு சொல்லையும் வெட்டி ஒட்டி 1980களில் ஜப்பான்காரர்கள் உண்டாக்கிய பெயர்தான் காஸ்ப்ளே. குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களை நாம் ஒன்றும் சொல்வதில்லையே. (அது வேண்டுதல், இது ஆசை. ஒப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.) ஆனால் விக்கை நம்ம ஊர் வெயிலில் தினமும் போட்டால் தலை அரித்து எடுக்கும். அந்த நீலத்தைத் துப்பட்டாவில் கொண்டுவரலாம். விக்கிலிருந்து நாலு முடியைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டி, கோடவுன் தெருவுக்கு எடுத்துப் போங்கள். சில கடைகளில் மொத்தமாகத்தான் தருவார்கள், கேட்டுக்கொண்டு உள்ளே ஏறுங்கள். துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் எல்லா நீலமும் ஒன்றுதான். மகளையும் கூட்டிப் போங்கள். இல்லையென்றால், "இந்த நீலம் இல்லம்மா" என்பாள், மறுபடியும் அந்தக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டும்.